‘கார்ல என்ன நாத்தம்... எனக்கு ஒண்ணும் அடிக்கலையே!’ - அப்பாவின் செகண்ட் ஹேண்ட் காரும், நனைந்த கோரைப்பாய் வாடையும்

பழைய கார் பார்க்கப் போகிறீர்களா? கதவைத் திறந்ததும் எலுமிச்சை, மல்லிகை என்று ஏதாவது ஒரு பெர்ஃப்யூம் வாசனை மூஞ்சியில் அடிக்கிற மாதிரி வந்தால், இன்ஜினைப் பார்ப்பதைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு மூக்கைத் தீட்டிக்கொள்ளுங்கள். விற்கிறவர் ஏமாற்றத்தான் தெளித்திருக்கிறார் என்று சொல்ல மாட்டேன். கல்யாணப் பெண்ணுக்குப் பூ வைக்கிற மாதிரி, விற்பனைக்கு நிற்கிற எல்லா காருக்கும் தெளிப்பார்கள். ஆனால், அந்த வாசனைக்கு ஆயுள் ஒரு வாரம், மிஞ்சிப்போனால் பத்து நாள். அதன் பிறகு காருக்குள் என்ன மிச்சம் இருக்கிறதோ, அதுதான் நீங்கள் காசு கொடுத்து வாங்கியது.

எங்கள் வீட்டுக்கு வந்த காரில் மிச்சம் இருந்தது, நனைந்த கோரைப்பாய் வாடை.

இது என் அம்மா சொன்ன உவமை. எங்களுக்குச் சொந்த ஊர் முசிறி. காவிரிக்கரையில் கோரை விளைகிற ஊர், பாய் நெசவுக்குப் பேர்போன ஊர். மழையில் நனைந்த பாயைச் சரியாகக் காயவைக்காமல் சுருட்டி மூலையில் சாத்திவிட்டு, பத்து நாள் கழித்துப் பிரித்தால் ஒரு வாடை கிளம்பும். தலையணைக்குள் போய், தலைமுடிக்குள் போய், லேசில் விடாது. அந்த வாடைதான் காரில் அடித்தது.

கார் வாங்கியது அப்பா. 31 வருடம் அரசு பஸ்ஸில் கண்டக்டர். பாதி ஆயுளை வண்டியில் கழித்தவர், ஆனால் ஒருநாள்கூட ஸ்டீயரிங்கைத் தொட்டதில்லை. 2022-ல் ரிட்டயர் ஆன பிறகு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, 18 வயசுப் பையன்களோடு வரிசையில் நின்று எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கினார். “விசில் அடிச்சே காலம் போயிடுச்சு, ஹாரன் அடிச்சுப் பார்க்கிறேனே” என்று சிரிப்பார். ஆனால், கார் ஆசைக்காக வாங்கியதல்ல. அம்மாவுக்கு வீஸிங் உண்டு. மாதம் ஒருமுறை திருச்சிக்கு டாக்டரிடம் போக வேண்டும். சுமார் 40 கிலோமீட்டர். பஸ்ஸில் கூட்டம், தூசி, முன்னால் போகிற லாரியின் புகை எல்லாம் சேர்ந்து, டாக்டரைப் பார்க்கப் போகும் வழியிலேயே அம்மாவுக்கு இளைக்க ஆரம்பித்துவிடும். அவரை ஏ.சி காரில் உட்காரவைத்துக் கூட்டிப்போக வேண்டும் என்பதுதான் அப்பாவின் கணக்கு.

கடந்த வருடம் மார்ச்சில், திருச்சியில் ஒரு டீலரிடம் 2014 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக் ஒன்றை 3 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய்க்கு முடித்தார். ரிட்டயர்மென்ட் பணம். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் மாலை போட்ட காரின் போட்டோ வந்தது. நான் சென்னையில் டெஸ்க்கில் உட்கார்ந்து ஹார்ட்டின் விட்டேன்.

சித்திரை 1-க்கு ஊருக்குப் போனபோதுதான் அந்தக் காரில் முதன்முறையாக ஏறினேன். பஸ் ஸ்டாண்டுக்கு அப்பாவே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திய நிமிடமே குப்பென்று வந்தது.

“என்னப்பா, ஏதோ ஒரு மாதிரி அடிக்குது?”

“என்ன அடிக்குது? எனக்கு ஒண்ணும் அடிக்கலையே. பஸ்ல வந்த அலுப்பு பாப்பா, உனக்கு அப்படித் தெரியுது” என்று சொல்லி ஏ.சி-யை இன்னும் ஒரு புள்ளி கூட்டிவைத்தார். பின்சீட்டில் இருந்த அம்மா, கண்ணாடியில் என்னைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினார். பேசாதே என்று அர்த்தம்.

வீட்டுக்குப் போனதும் அடுப்படியில் வைத்துச் சொன்னார். முதல் தடவை திருச்சிக்குப் போனபோது முன்சீட்டில் உட்கார்ந்து புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டே போயிருக்கிறார். இரண்டாம் தடவை குணசீலம் தாண்டுவதற்குள் இளைப்பு வந்து, இன்ஹேலர் எடுக்க வேண்டியதாகிவிட்டது. கார் வாங்குவதற்கு முன்னால் பஸ்ஸில் போனதைவிட மோசம். “உங்கப்பா ஆசையா வாங்கினது. நாத்தம்னு எப்படிடி சொல்றது? அடுத்த மாசம் நான் பஸ்லயே போயிக்கிறேன், நீங்க எதுக்கு அலையணும்னு சொன்னேன். அதுக்கே ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டார்.”

அப்பாவுக்குத் தெரியாமல் அம்மா வைத்தியம் எல்லாம் செய்து பார்த்திருந்தார். சீட்டில் ஆப்பச் சோடாவைத் தூவி ஒரு ராத்திரி விட்டு, காலையில் தட்டியிருக்கிறார். கிண்ணத்தில் காபித்தூள் வைத்திருக்கிறார். அடுப்புக்கரியைத் துணியில் கட்டி சீட்டுக்கு அடியில் போட்டிருக்கிறார். அத்தை வந்து, “கண்ணாடியை ஏத்திவிட்டு உள்ள சாம்பிராணி போடுங்க அண்ணி” என்றிருக்கிறார். வீஸிங் இருக்கிறவருக்கு இப்படி ஒரு யோசனை! நல்லவேளை, அதை மட்டும் அம்மா செய்யவில்லை. ஆப்பச் சோடா, கரி எல்லாம் காற்றிலும் துணியிலும் இருக்கிற வாடையை ஓரளவு உறிஞ்சும். ஆனால், வாடையை உற்பத்தி செய்கிற இடம் அப்படியே இருக்கும்போது அவை என்ன செய்யும்? குழாயை மூடாமல் தரையைத் துடைக்கிற கதைதான்.

எனக்கு வேறொரு பயம். காரின் நம்பர் டி.என் 22-ல் ஆரம்பித்தது. அது சென்னை மீனம்பாக்கம் ஆர்.டி.ஓ. 2014 மாடல் என்றால், 2015 டிசம்பர் வெள்ளத்தையும் பார்த்திருக்கும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்திருக்கும். மிக்ஜாம் சமயத்தில் பள்ளிக்கரணையில் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தண்ணீரில் மிதந்து போன வீடியோ நினைவிருக்கிறதா? அன்றைக்கு எங்கள் டெஸ்க்கில் அதைப் பார்க்காத ஆள் இல்லை. அதில் போன கார்களில் ஒன்று, துடைத்து, பாலிஷ் போட்டு, எலுமிச்சை வாசனையோடு எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறதோ என்று தோன்றியது.

இப்படி நடக்காது என்று சொல்லிவிட முடியாது. வெள்ளத்தில் மூழ்கிய காரைச் சரிசெய்ய ஆகும் செலவு மிக அதிகம் என்றால், இன்ஷூரன்ஸில் ‘டோட்டல் லாஸ்’ என்று முடித்துவிடுவார்கள். அந்த வண்டி ஏலத்துக்குப் போகும். எடுப்பவர் எல்லோரும் உடைத்து பாகமாக விற்பதில்லை. சரிசெய்து, தூரத்து ஊருக்குக் கொண்டுபோய் விற்பவர்களும் உண்டு. ஆர்.சி புத்தகத்தில் ‘இது மூழ்கிய கார்’ என்று எழுதியிருக்காது. எம்.பரிவாகன் ஆப்பில் நம்பரைப் போட்டால் பதிவு தேதி, இன்ஷூரன்ஸ் எதுவரை என்பதெல்லாம் தெரியும், வெள்ளக்கதை தெரியாது. வண்டியின் பழைய சர்வீஸ் ரெக்கார்டும், இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் விவரமும் கிடைத்தால் ஓரளவு பிடிக்கலாம். அப்பாவிடம் இருந்தது, கையெழுத்துப் போட்ட படிவங்களும் டீலரின் விசிட்டிங் கார்டும்தான். டீலருக்கு போன் போட்டேன். “ஏ.சி கேஸ் மாத்திட்டா போயிடும் மேடம்” என்றார். கேஸுக்கும் வாடைக்கும் சம்பந்தமே இல்லை என்பது எனக்கே தெரியும்.

மூழ்கிய கார் என்றால் வாடை மட்டும் பிரச்னை இல்லை. வயரிங் முழுக்க ஈரம் ஏறி, உள்ளுக்குள்ளேயே பச்சை பூத்து அரிக்கும். இன்றைக்கு ஓடும், ஆறு மாதம் கழித்து நடுரோட்டில் நிற்கும். ஏர்பேக் கன்ட்ரோல் யூனிட் பல கார்களில் கியருக்குப் பக்கத்தில் தரையோடு தரையாக இருக்கும். அதில் தண்ணீர் புகுந்திருந்தால், வேண்டிய நேரத்தில் ஏர்பேக் விரியுமா என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. 62 வயசில் புதிதாக ஓட்டக் கற்றுக்கொண்டவர், பக்கத்தில் வீஸிங் இருக்கிற மனைவி. எனக்கு அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

மறுநாள் காலை, “ஊருக்குப் போறதுக்குள்ள ஒரு ஜெனரல் செக்கப் பண்ணிடலாம்ப்பா” என்று சொல்லி, அப்பாவுக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணனின் ஷெட்டுக்குக் கிளம்பினோம். போனிலேயே அவரிடம் என் சந்தேகத்தைச் சொல்லிவைத்திருந்தேன்.

அந்த அண்ணன் செய்த முதல் வேலை, பானெட்டைத் திறப்பது இல்லை. டிரைவர் சீட் பெல்ட்டைப் பிடித்துக் கடைசிவரை இழுத்தார். நாம் யாரும் அவ்வளவு தூரம் இழுக்க மாட்டோம். பெல்ட்டின் அடிப்பகுதி உள்ளேயே சுருண்டு கிடக்கும். கார் மூழ்கியிருந்தால் சேற்றுத் தண்ணீர் நின்ற கோடு அங்கே பட்டையாகத் தெரியும். கழுவுகிறவர்கள் சீட்டைக் கழுவுவார்கள், கார்பெட்டைக் கழுவுவார்கள். பெல்ட்டின் அந்தக் கடைசி முழத்தை நிறைய பேர் மறந்துவிடுவார்களாம். நான்கு பெல்ட்டையும் இழுத்தார். நிறம் மங்கியிருந்ததே தவிர, கோடு இல்லை.

பிறகு டிக்கியில் மேட்டைத் தூக்கி, ஸ்டெப்னியை எடுத்துவிட்டு அந்தக் குழியைப் பார்த்தார். மண் படிந்திருக்கிறதா, போல்ட் துருப்பிடித்திருக்கிறதா என்று. தூசிதான் இருந்தது. சீட்டை முன்னால் தள்ளி, அதன் தண்டவாளத்தை டார்ச் அடித்துப் பார்த்தார். டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாக்கப் படுத்து, யாரும் துடைக்க முடியாத மூலைகளில் இருக்கிற ஸ்க்ரூக்களைப் பார்த்தார். ஒரு வயர் ஜாயின்ட்டைக் கழற்றி, உள்ளே இருக்கும் பின்கள் பளிச்சென்று இருக்கின்றனவா என்று பார்த்தார். ஹெட்லைட்டுக்குள் தண்ணீர் நின்ற தடம் இருக்கிறதா என்றும் பார்த்தார். முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை நான் நகம் கடித்துக்கொண்டிருந்தேன். எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி என்று அப்பா டீ வாங்கப் போய்விட்டார்.

“முழுகின வண்டி இல்லம்மா” என்றார் அண்ணன். “முழுகியிருந்தா துரு எல்லாப் பக்கமும் ஒரே மட்டத்துல இருக்கும். இதுல இடது முன்சீட்டோட போல்ட்ல மட்டும் லேசா துரு பிடிச்சிருக்கு. தண்ணி அங்கதான் எங்கயோ வருது.”

சீட்டை நான்கு போல்ட் கழற்றி வெளியே வைத்தார். கால் வைக்கிற இடத்தில் ரப்பர் மேட்டை எடுத்தோம். கார்பெட் காய்ந்துதான் இருந்தது. கையால் அழுத்தினேன். விரல் இடுக்கில் தண்ணீர் வந்தது.

காரின் கார்பெட் நாம் நினைக்கிற மாதிரி ஒற்றைத் துணி இல்லை. அதற்கு அடியில் பஞ்சு மாதிரி தடிமனாக ஒரு படுகை இருக்கிறது, சத்தம் உள்ளே வராமல் இருக்க. ஸ்பாஞ்ச் போலத் தண்ணீரைக் குடித்துவிட்டு, மேல்துணி காய்ந்த பிறகும் மாதக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். கண்ணாடி ஏற்றிய கார், வெயில், அடியில் ஈரம். பூஞ்சைக்கு இதைவிட என்ன வேண்டும்? அண்ணன் அந்தப் படுகையின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினார். கறுப்பாகப் பூத்திருந்தது. வந்த வாடையில் அவரே இரண்டடி பின்னால் போய், தோளில் கிடந்த துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் ஷெட்டுக்கு வெளியே வந்துவிட்டேன்.

டீயோடு வந்த அப்பா, நேராகப் போய், கார் கதவுக்குள் தலையை விட்டு, அந்தக் கறுப்புப் படுகைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு கேட்டார்.

“எங்க தம்பி ஈரம்?”

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

“அண்ணே... உங்களுக்கு அடிக்கலையா?”

அப்பா தலையை வெளியே எடுத்தார். கையில் இருந்த டீயை ஒருமுறை பார்த்தார். “2021-ல கொரோனா வந்துச்சுல்ல... அப்பப் போச்சு. வரவே இல்ல” என்றார், பஸ்ஸில் யாரோ விட்டுப்போன குடையைப் பற்றிச் சொல்கிற மாதிரி.

2021 மே மாதம், இரண்டாவது அலையில் அப்பாவுக்கு வந்தது. பின்கட்டு ரூமில் 14 நாள் இருந்தார். வாசனை போனது எல்லோருக்கும் தெரியும். அந்த நேரத்தில் யாருக்குத்தான் போகவில்லை? பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் திரும்பி வந்தது. அப்பாவும், “ம், வந்துடுச்சு வந்துடுச்சு” என்று சொல்லியிருக்கிறார். நாங்களும் அதோடு மறந்துவிட்டோம். நான்கு வருடமாக எங்கள் வீட்டில் ஒரு மனிதர் வாசனை இல்லாமல் வாழ்ந்துகொண்டிருந்திருக்கிறார்.

“ஏம்ப்பா சொல்லல?”

“காய்ச்சல், தலைவலின்னா சொல்லலாம். மூக்குல வாசனை வரலைன்னு போய் யாராவது ஆஸ்பத்திரியில உட்காருவாங்களா? ரிட்டயர் ஆகற நேரம் வேற. வந்துடும் வந்துடும்னு பார்த்தேன். அப்புறம் பழகிப்போச்சு.”

அப்பா சர்வீஸில் இருந்தபோது ஒரு பெருமை பேசுவார். ராத்திரி டிரிப்பில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும், ஜன்னல் வழியே வருகிற வாசனையை வைத்தே எந்த ஊர் தாண்டுகிறது என்று சொல்லிவிடுவாராம். அறுத்த கோரை காய்கிற வாசனை, வாழைத்தோப்பு, ரைஸ் மில் உமி, ஆற்றுப்பாலம் என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். சமீப வருடங்களில் அவர் அந்தக் கதையைச் சொன்னதே இல்லை என்பது, ஷெட்டில் நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னோம். அம்மா அழவில்லை, கோபப்பட்டார். “அதான் அன்னிக்கு ஊசிப்போன சாம்பாரை ஊத்தித் தின்னுட்டு எந்திரிச்சுப் போனீங்களா? நான்கூட, மனுஷன் ரிட்டயர் ஆனதும் திருந்திட்டாரு, சாப்பாட்டுல குத்தமே சொல்றதில்லைன்னு தெருவெல்லாம் சொல்லி வெச்சிருக்கேனே!” அப்பா சிரித்துவிட்டார். உடனே அம்மாவுக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது. போன வருடம் ஒருநாள் பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட, கேஸ் வீடு முழுக்கப் பரவியிருக்கிறது. கடைக்குப் போன அம்மா திரும்பி வரும்போது, அப்பா ஹாலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்திருக்கிறார். “ஃபேன் சத்தத்துல கவனிக்கலைன்னீங்களே... கேஸ் என்ன சத்தமா போடும்?” அதைக் கேட்டதும் யாரும் சிரிக்கவில்லை.

எல்.பி.ஜி-க்கு இயல்பில் வாசனை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்பதற்காகவே எத்தில் மெர்காப்டான் என்கிற நாற்றமடிக்கும் பொருளைக் கலக்கிறார்கள். மூக்கு இல்லாதவருக்கு அந்த ஏற்பாட்டால் பயனில்லை. அன்று சாயங்காலமே ஆன்லைனில் ஒரு கேஸ் லீக் அலாரம் ஆர்டர் போட்டேன். இப்போது சிலிண்டருக்குப் பக்கத்தில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மாட்டியிருக்கிறோம். எல்.பி.ஜி காற்றைவிடக் கனம், கீழேதான் தங்கும். வீட்டில் வயசானவர்கள் தனியாக இருக்கிறார்கள் என்றால், மூக்கு நன்றாக இருந்தாலும் இதை மாட்டிவிடுங்கள்.

சரி, காருக்கு வருகிறேன். தண்ணீர் எங்கிருந்து வந்தது?

ஏ.சி-யிலிருந்துதான். ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளருக்கு வெளிப்பக்கம் வேர்க்கிறது அல்லவா, அதேபோல டேஷ்போர்டுக்கு உள்ளே இருக்கிற ஏ.சி காயிலும் தண்ணீர் கோக்கும். அது ஒரு சின்ன ரப்பர் பைப் வழியாக காருக்கு அடியில் சொட்டிவிட வேண்டும். ஏ.சி போட்டு நிறுத்திய காருக்குக் கீழே தண்ணீர் சொட்டினால் பயப்படாதீர்கள். வெயில் காலத்தில் ரொம்ப நேரம் ஏ.சி ஓடியும் சொட்டவே இல்லை என்றால்தான் பார்க்க வேண்டும். எங்கள் காரில் அந்தப் பைப்பின் வாயில் ஒரு குளவி மண்கூடு கட்டியிருந்தது! டீலரின் இடத்தில் வண்டி நின்ற காலத்தில் கட்டியிருக்க வேண்டும். வெளியே போக வழியில்லாத தண்ணீர், உள்பக்கமாக வழிந்து இடதுபக்க முன்சீட்டுக் காலடியில் இறங்கியிருக்கிறது.

அதாவது, அம்மாவின் காலடியில். அம்மாவுக்கு இளைக்கக் கூடாது என்று அப்பா ஏ.சி-யைக் கூட்டக் கூட்ட, அம்மாவின் காலுக்குக் கீழேதான் தண்ணீர் சேர்ந்தது, பூஞ்சை வளர்ந்தது. வீஸிங் இருப்பவர்களுக்கு பூஞ்சை எவ்வளவு ஆகாது என்பதை அவருடைய டாக்டர் பிறகு விளக்கினார்.

அண்ணன் ஒரு கம்பியை விட்டுக் குத்தினார். மண் உதிர்ந்து, அரை சொம்பு தண்ணீர் கொட்டியது. பைப்புக்கான வைத்தியம் அவ்வளவுதான். படுகைக்குத்தான் நேரம் எடுத்தது. கார்பெட்டையும் படுகையையும் மொத்தமாக உருவி, பூஞ்சை பிடித்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, மீதியைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, மூன்று நாள் சித்திரை வெயிலில் போட்டோம். கார் நான்கு கதவும் திறந்தபடி நின்றது. வெட்டிய இடத்துக்குப் புது ஃபெல்ட் வாங்கி ஒட்டினார். க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருந்த கேபின் ஃபில்டரைக் கழற்றியபோது, இலைத்தூளும் எலி கொறித்த பஞ்சுமாக வந்தது. புது ஃபில்டர் 350 ரூபாய். ஏ.சி காயிலும் பூஞ்சை படிந்திருக்கும் என்று அதற்கென உள்ள நுரை க்ளீனரை அடித்தார். எல்லாம் சேர்த்து நான்காயிரத்துச் சொச்சம் ஆனது.

திருச்சியில் ஒரு கார் வாஷ் கடையில், “ஓசோன் ட்ரீட்மென்ட் பண்ணிட்டா வாடை அரை மணி நேரத்துல காலி” என்று முன்பே அப்பாவிடம் சொல்லியிருந்தார்கள். ஓசோன் உண்மையிலேயே வாடையைச் சிதைக்கும். ஆனால், அடியில் ஈரம் இருந்தால் அடுத்த வாரமே வாடை திரும்பி வரும். தவிர, ஓசோன் நுரையீரலை எரிச்சலூட்டும் வாயு. ட்ரீட்மென்ட் நடக்கும்போது உள்ளே ஆள் இருக்கக் கூடாது, முடிந்த பிறகும் கதவுகளைத் திறந்துவைத்து நன்றாகக் காற்றாட விட வேண்டும். ஆஸ்துமா, வீஸிங் உள்ளவர்கள் ஏறும் காருக்கு நான் அதை யோசிக்கவே மாட்டேன். பால் கொட்டிய கார் என்றால், அதற்கென என்சைம் க்ளீனர் இருக்கிறது. ஏ.சி போட்டதும் இனிப்பாக ஒரு வாடை வந்து, முன் கண்ணாடியில் பிசுபிசுவெனப் பனி படிந்தால், கூலன்ட் கசிகிறது என்று சந்தேகப்பட்டு உடனே மெக்கானிக்கிடம் போங்கள். மற்றபடி, போய்ச்சேரும் இடத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் முன்பே ஏ.சி-யை அணைத்துவிட்டு ஃபேனை மட்டும் ஓடவிட்டால் காயில் ஈரம் காயும். அப்பா இதைக் கண்டக்டருக்கே உரிய ஒழுங்கோடு கடைப்பிடிக்கிறார். முசிறி கைகாட்டி வந்தால் ஏ.சி ஆஃப்.

அடுத்த மாதம் அம்மா காரில்தான் திருச்சி போனார். இன்ஹேலர் கைப்பையிலேயே இருந்தது. அதே பயணத்தில், அம்மாவின் டாக்டரைப் பார்த்த கையோடு அப்பாவை இ.என்.டி டாக்டரிடம் கூட்டிப்போனோம். “கார் சர்வீஸுக்கு வந்தா என்னையும் சேர்த்து சர்வீஸ் பண்றீங்க” என்று முனகிக்கொண்டே வந்தார்.

டாக்டர் மூக்குக்குள் குழாய் விட்டுப் பார்த்து, சதை வளர்ச்சி எதுவும் இல்லை என்றார். வாசனையை உணரும் நரம்புக்குப் பயிற்சி கொடுக்கலாம் என்றார். மாத்திரை இல்லை, ஊசி இல்லை. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ். இந்த நான்கையும் காலையும் மாலையும் ஒவ்வொன்றாக மூக்கருகில் வைத்து, அதன் வாசனையை நினைவுக்குக் கொண்டுவந்தபடியே மெதுவாக முகர வேண்டும். குறைந்தது மூன்று மாதம். நான்கு வருடம் ஆகிவிட்டதால் உறுதி சொல்ல முடியாது, ஆனால் செய்வதில் நஷ்டம் எதுவும் இல்லை என்றார்.

அம்மா நான்கு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஏற்பாடு செய்தார். பன்னீர் ரோஜா, எலுமிச்சைத் தோல், தட்டிய கிராம்பு, பஞ்சில் நனைத்த நீலகிரி தைலம். வீடியோ காலில் பார்ப்பேன். அப்பா திண்ணையில் உட்கார்ந்து, ஒவ்வொரு பாட்டிலாகத் திறந்து கண்ணை மூடிக்கொள்வார். ஒரு மாதம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது மாதமும் அப்படித்தான். “பயிற்சியாவது மண்ணாவது” என்று நான்கு நாள் நிறுத்தினார். அம்மா டிக்கெட் பரிசோதகர் மாதிரி எதிரில் வந்து உட்கார ஆரம்பித்தார். அதன் பிறகு நிறுத்தவில்லை.

ஆகஸ்ட்டில் ஒருநாள் காலை, அம்மா கொடுத்த காபியை வாய்க்கருகில் கொண்டுபோனவர் டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டார். “டயர் எரியற மாதிரி இருக்கு” என்றார். அம்மா பயந்துபோய் எனக்கு போன் போட்டார். டாக்டரைக் கேட்டோம். திரும்பி வரும்போது வாசனை சிலருக்கு இப்படித் தாறுமாறாகத்தான் வரும், நரம்பு வேலை செய்யத் தொடங்கியிருப்பதன் அறிகுறியாகவும் இருக்கலாம், பயிற்சியைத் தொடருங்கள் என்றார். காபி டயராகவும், வெங்காயம் வதக்குவது சாக்கடையாகவும் இன்னும் கொஞ்ச காலம் இருக்கக்கூடுமாம். கிராம்பு மட்டும் கிட்டத்தட்ட கிராம்பு மாதிரியே தெரிகிறது என்கிறார் அப்பா.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து கிளம்பி, ஏ.சி போட்டு ஒரு கிலோமீட்டர்கூடப் போகவில்லை. அப்பா வண்டியை ஓரம் கட்டினார்.

“பாப்பா, கார்ல என்னமோ நாத்தம் அடிக்குது.”

நான் காலடி மேட்டைத் தூக்கி அழுத்திப் பார்த்தேன். உலர்ந்திருந்தது. அம்மா பின்சீட்டிலிருந்து குனிந்து, தரையருகே நன்றாக இழுத்து மோந்து பார்த்தார்.

“எங்களுக்கு ஒண்ணும் அடிக்கலையேங்க!”

“எனக்கு அடிக்குது” என்றார் அப்பா. கண்ணாடியை இறக்கிவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாக வண்டியை எடுத்தார்.